ஆளுக்கு மூன்று மீன்

2009 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மாலை, நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக் கடற்கரையில், வண்டி நிறுத்தும் இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே நான்கு மீன்கள் இருந்தன. அவருடைய வண்டியின் பின்புறம் இருந்த வெள்ளை வாளியில் இன்னும் எட்டோ பத்தோ வால்கள் மேலே துருத்திக்கொண்டு நின்றன. வேண்டுமா என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்கு முன்பே பையைக் கையில் திணித்துவிட்டு, வீட்டில் யாரும் இதைத் தின்பதில்லை, குப்பையில் போடவும் மனம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் வளர்ந்தவனுக்குச் சும்மா வந்த மீனை மறுக்கத் தெரியாது. பை வெதுவெதுப்பாக இருந்தது விரலுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு இரண்டு மீன்களை ஆய்ந்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரித்தோம். மிளகே சேர்க்காத மீனில் நாக்கின் ஓரத்தில் மிளகு கடித்தாற்போல ஒரு சுருக்கு இருந்தது. மிளகாய்த்தூள் சற்றுத் தூக்கல் என்று எண்ணிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து கொதித்தன, தலை விண்விண்ணென்று தெறித்தது, நெஞ்சு படபடத்தது. மருத்துவமனைக்கு ஓடினோம். மீன் ஒவ்வாமை வந்துவிட்டது, இனி வாழ்நாளெல்லாம் மீன் கிடையாது என்று வழியெல்லாம் நான் கலங்கியது மனைவிக்கு இன்றும் வேடிக்கைக் கதை. அங்கிருந்த மருத்துவர் என்ன மீன் என்று கேட்டார். புளூஃபிஷ் என்றதும், பனிக்கட்டியில் இருந்ததா, வெயிலில் இருந்ததா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

அவர் சொன்ன விளக்கம் இது. புளூஃபிஷ், சூரை, காணாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. மீன் செத்தபின் சூட்டில் கிடந்தால் செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. நம் உடம்பே ஒவ்வாமையின்போது சுரக்கும் அதே ஹிஸ்டமின் வெளியிலிருந்து தட்டில் வந்து சேருகிறது. ஒருமுறை உருவாகிவிட்டால் பொரித்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. மீனின் முகத்திலும் வாடையிலும் பெரிய வேறுபாடு தெரியவேண்டும் என்பதும் இல்லை. இதில் புளூஃபிஷின் குற்றம் ஒன்றுமில்லை என்று அந்த மருத்துவர் சொன்னதை நான் அப்போது கேட்கும் நிலையில் இல்லை. அந்த மீனையே பதின்மூன்று ஆண்டுகள் வெறுத்தேன்.

அந்த வெறுப்பில் எனக்குத் துணை நிறையவே இருந்தது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் புளூஃபிஷைப் பற்றிக் கேட்டால் இரண்டு பேச்சு வரும். தூண்டிலில் இதைப்போல இழுத்துச் சண்டையிடும் மீன் வேறில்லை என்பது ஒன்று. எண்ணெய் பிசுபிசுப்பும் கவிச்சியும் நிறைந்த இதை மனிதன் தின்பானா என்பது மற்றொன்று. ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். பிடிப்பதற்கு இனிய, தின்பதற்கு ஆகாத மீனை எத்தனை பிடிக்கலாம் என்று அரசு வரம்பு போடுவது அவருக்கு எரிச்சலாக இருக்கும். நானோ, அந்த வரம்பும் அந்தச் சுவையும் வெவ்வேறு விஷயங்கள் என்ற எண்ணத்தையே இப்போது கைவிட்டுவிட்டேன்.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புளூஃபிஷ், பொமடோமஸ் சால்டாட்ரிக்ஸ், தன் குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம். முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி, தாடை இரண்டிலும் ஒற்றை வரிசையாகக் கத்தி முனைபோன்ற பற்கள். அட்லாண்டிக் கரையில் மெய்ன் மாநிலம் முதல் புளோரிடா வரை, வெயிலோடு வடக்கே ஏறிக் குளிரோடு தெற்கே இறங்கி அலைகிறது. வசந்தத்தில் தெற்குக் கரைக்கு அப்பால் வளைகுடா நீரோட்டத்தின் ஓரத்தில் ஒரு தொகுதியும், கோடையில் நியூ ஜெர்சி, நியூயார்க் கரைகளுக்கு வெளியே மற்றொரு தொகுதியும் பிறக்கின்றன. முதல் தொகுதிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து ஜூன் மாதத்தில் முகத்துவாரங்களுக்குள் நுழையும்போது விரல் நீளம்தான் இருக்கும். ஆகஸ்ட் முடிவதற்குள் அவை ஒரு சாண் வளர்ந்து, படகுத் துறைகளில் சிறுவர்களின் தூண்டிலில் ஏறத் தொடங்கும். அந்தப் பருவத்தில் அவற்றுக்கு ஸ்னாப்பர் என்று பெயர். பெரியவை பதினைந்து பவுண்டு வரை சாதாரணமாகப் போகும். வடகரோலினாவின் ஹாட்டராஸில் 1972-ல் பிடிபட்ட 31 பவுண்டு 12 அவுன்ஸ் மீனே தூண்டில் சாதனையாக நிற்கிறது.

வரம்பின் கதைக்கு வருகிறேன். மத்திய அட்லாண்டிக் மீன்வள மேலாண்மைக் குழுவும் அட்லாண்டிக் கரை மாநிலங்களின் மீன்வள ஆணையமும் சேர்ந்து 1989-ல் இந்த மீனுக்கென முதல் திட்டத்தைக் கொண்டுவந்தன. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர் நாளொன்றுக்குப் பத்து மீன் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் கணக்கு. 2001-ல் அது பதினைந்தாக உயர்ந்தது. அந்த வாளியில் நான் கண்ட வால்கள் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவைதான். 2020-ல் அந்தப் பதினைந்து, கரையிலிருந்தும் சொந்தப் படகிலிருந்தும் பிடிப்பவருக்கு மூன்றாகவும், கட்டணம் வாங்கி ஆள் ஏற்றும் படகில் செல்பவருக்கு ஐந்தாகவும் குறைந்தது.

பதினைந்திலிருந்து மூன்றுக்கு ஒரே தாவல் எதற்கு, பத்து என்று முதலில் குறைத்துப் பார்த்திருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அதன் விடையில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2020-க்குப் பொழுதுபோக்குப் பிடிப்பு, எதிர்பார்த்த அளவைவிட 28 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாக வேண்டும் என்ற நிலை. ஆனால் பெரும்பாலானோர் ஒரு நாளில் ஒன்றோ இரண்டோ மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பதினைந்தையும் நிரப்புகிறவர்கள் மிகச் சிலர். வரம்பைப் பத்தாகக் குறைத்தால் அந்தச் சிலரின் வாளிதான் சற்றுக் குறையும், மொத்தக் கணக்கு அசையாது. இரண்டு மீன் எடுப்பவரின் பக்கத்துக்கு வந்து கோடு கிழித்தால்தான் 28 விழுக்காடு கைக்கு வரும். காகிதத்தில் இருந்த பதினைந்து யாரையும் கட்டுப்படுத்தாத பதினைந்து. அது வாளி கொண்டுவருபவருக்கு ஒரு தைரியம் கொடுத்தது, அவ்வளவே.

இந்த இறக்கத்துக்குக் காரணமான மதிப்பீடு 2019-ல் வந்தது. 2018 வரையிலான புள்ளிவிவரங்களை வைத்துப் பார்த்தபோது, முட்டையிடும் வயதுள்ள மீன்களின் மொத்த எடை, இருக்கவேண்டிய இலக்கில் பாதிக்கும் கீழே இருந்தது. அங்கே இரண்டு சொற்களைப் பிரித்து ஆள்கிறார்கள், அந்தப் பிரிவு முக்கியமானது. கையிருப்பு வற்றியிருப்பது ஒன்று, இப்போது அள்ளும் வேகம் மிஞ்சியிருப்பது வேறொன்று. குளத்தில் தண்ணீர் அரைக்கால்தான் இருக்கிறது என்பதும் மதகு அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது என்பதும் ஒரே செய்தி ஆகாதல்லவா? 2018-ல் புளூஃபிஷுக்கு முதலாவது உண்மை, இரண்டாவது உண்மையில்லை. இந்த வேறுபாடு செய்தித்தாளுக்கு வரும்போது கரைந்துபோய், எல்லோரும் சேர்ந்து தின்று தீர்த்துவிட்டோம் என்று மட்டும் எஞ்சியது. தின்னாத மீனைத் தின்று தீர்த்தோமாம் என்று படகுத்துறையில் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பொழுதுபோக்குப் பிடிப்பை யாரும் எடைபோடுவதில்லை, கேட்டறிந்து கணக்கிடுகிறார்கள். முன்பு கரையோர மாவட்டங்களின் வீட்டுத் தொலைபேசிகளுக்கு அழைத்து, இரண்டு மாதத்தில் எத்தனை முறை மீன்பிடிக்கப் போனீர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் தொலைபேசி வைத்திருப்பவரும் அதை எடுப்பவரும் அருகிப்போனதால், தபாலில் கேள்வித்தாள் அனுப்பும் முறைக்கு மாறினார்கள். 2018-ல் பழைய ஆண்டுகளின் எண்களையும் புதிய முறைக்கு ஏற்பத் திருத்தியபோது, கரையிலிருந்து தூண்டில் போடுவோரின் கணக்கு பல மடங்கு ஏறிவிட்டது. புளூஃபிஷ் கரையோரத்தவரின் மீன் என்பதால் அதன் கணக்கும் தாவியது. கடலில் மீனும் ஆளும் அப்படியேதான் இருந்தார்கள், கேட்ட கேள்வி மாறியது. ஆனால் இதை வைத்து எல்லாம் கட்டுக்கதை என்று முடிப்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. அளவுகோல் மாறினால் பிடித்ததும் கூடுகிறது, கடலில் இருந்திருக்கவேண்டியதும் கூடுகிறது. இரண்டையும் அதே கோலால் அளந்துதான் பாதிக்கும் கீழே என்றார்கள்.

இன்னொன்றும் அந்தக் கணக்கில் இருக்கிறது. பிடிபடும் புளூஃபிஷில் பாதிக்கு மேல் திரும்பக் கடலில் விடப்படுகிறது. விடப்பட்டதெல்லாம் பிழைப்பதில்லை. அந்த 2019 மதிப்பீட்டில் விடப்பட்ட நூறில் பதினைந்து சாகும் என்று வைத்துக்கொண்டார்கள். தொண்டைவரை கொக்கி விழுங்கியதைப் பிடுங்கி, மணலில் புரளவிட்டு, வாலைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுத்து, காலால் அலைக்குள் தள்ளிவிட்டு, "நான் ஒன்றுகூடக் கொல்லவில்லை" என்று சொல்லும் மனிதரைப் பார்த்திருக்கிறேன். ஒருநாளில் நாற்பது மீனை இப்படி விட்டவர், அந்தக் கணக்கின்படி ஆறு மீனைக் கொன்றிருக்கிறார். மூன்றை வெட்டிக் குழம்பு வைத்தவரைவிட இரண்டு மடங்கு. எனக்கு இது நெடுநாள் உறுத்திய கணக்கு.

வரம்பை எதிர்ப்பவர்களிடம் இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு, அது வரலாறு. புளூஃபிஷ் தானாகவே வரும், தானாகவே போகும். நான்டக்கெட் தீவில் 1764 வாக்கில் அது முற்றாக மறைந்துபோனதாகத் தீவின் பழைய குறிப்புகள் சொல்கின்றன. 1763, 64-ல் அத்தீவின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களைக் கொள்ளைநோய் தாக்கி, 358 பேரில் 222 பேர் இறந்தார்கள். அந்தத் துயரமும் மீன் மறைந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்தார்கள். மீன் மீண்டும் தலைகாட்ட 1810 வாக்கில் ஆயிற்று. அப்போது பொழுதுபோக்குப் படகும் இல்லை, விசைப்படகும் இல்லை. வரம்பு போட்டா அது திரும்பி வந்தது என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. ஆனால் தானாகவே ஏறியிறங்கும் ஒன்றை, அது இறங்கும் நேரத்தில் பார்த்து நாமும் அமுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வரலாற்றில் விடையில்லை. பெய்யாத ஆண்டில் கிணற்றுக்கு இன்னொரு மோட்டார் போடுவதற்கு ஒப்பானது அது.

2022 ஜூனில் அம்மா எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருந்தார். இங்கே கடைகளில் கிடைக்கும் மீனை அவர் மீனாகவே ஏற்கவில்லை. தலையில்லாமல், தோலில்லாமல், முள்ளில்லாமல் வெள்ளைத் துண்டாகத் தட்டில் கிடப்பதைப் பார்த்து, "இது மீனா, பன்னீரா?" என்று கேட்டார். அவருக்காகத்தான் ஒரு விடியற்காலையில் பார்னகட் முகத்துவாரத்தின் கல்லணைக்குத் தூண்டிலோடு போனேன். பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார். பங்கர் என்று இங்கே அழைக்கும், நம் மத்தியின் தூரத்து உறவான மீன் கூட்டமாக உள்ளே வந்திருந்தது. அதைத் துரத்திக்கொண்டு புளூஃபிஷ் வந்ததும் முகத்துவாரத்தின் ஒரு பகுதி மட்டும் உலைபோலக் கொதித்தது. நீர் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் படர்ந்தது, கடற்காகங்கள் ஓலமிட்டு இறங்கின.

எனக்கு முதல் மீன் ஏறியது. மூன்று பவுண்டு இருக்கும். அந்தப் பெரியவர் என் கையில் பையைப் பார்த்தார், பனிக்கட்டிப் பெட்டி எங்கே என்றார். வண்டியில் இருக்கிறது என்றேன். கொண்டுவந்த பிறகு அடுத்த தூண்டிலைப் போடு என்று அதட்டினார். பிறகு அவரே மீனின் கண்ணுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, இதற்குத் தண்ணீருக்கு வெளியேயும் கண் நன்றாகத் தெரியும், விரலைப் பார்த்துக் கடிக்கும் என்று எச்சரித்தபடி, செவுளுக்கடியில் தொண்டையைக் கத்தியால் ஒரு கீறு கீறி, கடல்நீர் இருந்த வாளியில் தலைகீழாக நிறுத்தினார். மீன் இரண்டு நிமிடம் துடித்தது, நீர் ஒயின் நிறத்துக்கு வந்தது. இரத்தம் வடிந்ததும் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுத்தார். பனிக்கட்டியோடு கடல்நீரும் ஊற்றிக் கூழாக்கிய பெட்டிக்குள் மீனை முழுக்க மூழ்கும்படி இறக்கினார். அனைத்தும் ஐந்து நிமிட வேலை. பதினைந்து மீனுக்கு இதைச் செய்ய முடியுமா என்று கேட்டேன். யாரும் செய்ததில்லை என்றார், அதனால்தான் இந்த மீனுக்கு இந்தக் கெட்ட பெயர் என்றார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் 2009-ன் வெள்ளை வாளி என் கண்முன் வந்தது. மீன் கூட்டமாக வந்து நீர் கொதிக்கும் நேரம் அரை மணி, முக்கால் மணிதான் இருக்கும். பதினைந்து வரை அனுமதி இருக்கும்போது எவரும் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றின் இரத்தத்தை வடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மீன் வாளியில் விழும், மேலே இன்னொன்று விழும், வெயில் ஏறும். கொழுப்புள்ள சதை வெகுவிரைவில் காறிப்போகும். வீட்டுக்குப் போனபின் கவிச்சி தாங்காமல் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், மறுநாள் காலையில் அண்டை வீட்டாருக்கும் முன்பின் தெரியாதவருக்கும் பை நீட்டப்படும். இப்படி நாற்பது ஆண்டு தின்றவர்களின் தீர்ப்புத்தான் புளூஃபிஷ் உண்ணத்தகாதது என்பது. மூன்று என்னும் எண்ணை மீனின் கையிருப்பைக் கருதித்தான் வைத்தார்கள். தற்செயலாக, ஒரு மனிதன் ஒரு காலையில் ஒழுங்காகக் கவனித்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கையும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கிறது.

அம்மா பெட்டியைத் திறந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை விரலால் அமுக்கினார். பல்லைப் பார்த்ததும், "பாறை மீனுக்கும் சீலாவுக்கும் பொறந்தது மாதிரி இருக்குடா" என்றார். ஒரு துண்டு போட்டதும் சதையைப் பார்த்து, "காணாங்கெளுத்தி ரத்தம். புளி தாராளமா கேக்கும்" என்று முடிவு சொல்லிவிட்டார். இந்த ஊர்ச் சமையல்காரர்கள் எலுமிச்சையும் கடுகும் தக்காளியும் வைத்துச் சுற்றிச்சுற்றிச் சேரும் இடத்துக்கு அவர் ஒரே பார்வையில் போய்ச் சேர்ந்தார். கவிச்சி வாடைக்குக் காரணமான அமீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உடையவை, புளிப்பு பட்டதும் அவை ஆவியாகி மூக்குக்கு எழாமல் அடங்கிவிடும். வெள்ளைச் சதை மீனில் புளி சுவைக்காகச் சேர்வது, எண்ணெய் மீனில் அது வேலைக்காகச் சேர்வது.

அவர் செய்யாத ஒன்றை நான் செய்தேன். தோலை உரித்த சதைப்பட்டையை வெளிச்சத்தில் வைத்தால், நடுவில் நீளவாக்கில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடுவது தெரியும். ஓயாமல் நீந்தும் மீனின் உழைப்புத் தசை அது. கொழுப்பும் இரத்தமும் அங்கேதான் மண்டியிருக்கும். அதன் இரண்டு பக்கமும் சாய்வாகக் கத்தியை விட்டுப் பள்ளமாக வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் சாம்பல் கலந்த வெள்ளையாக, மெல்லிய இழைகளாக நிற்கும். "ருசி உள்ள இடத்தை வெட்டிப் போடுறியே" என்று அம்மா கடிந்துகொண்டார். சின்ன வெங்காயம், வெந்தயம், பழம்புளி, கடைசியில் ஒரு புளிப்பு மாங்காய் கிடைக்காத குறைக்குப் பச்சை ஆப்பிள் நான்கு கீற்று. காலையில் பிடித்தது மதியம் சட்டியில். அந்தக் குழம்பில் மத்தியின் நெய்ப்பதமும் பாறையின் கெட்டிச் சதையும் ஒன்றாக இருந்தன. அம்மா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் பழங்குழம்பு இன்னும் நன்றாக இருந்தது. உறைபெட்டியில் வைத்த துண்டுகள் மட்டும் மூன்று வாரத்தில் காறிவிட்டன. உறையவைக்கத் தகாத மீன் இது, அதில் ஐயமில்லை.

அந்தக் கருஞ்சிவப்புத் தசையை வெட்டி எறிந்ததற்குச் சுவை மட்டும் காரணமில்லை. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் 1947 முதல் 1977 வரை இரண்டு மின்தேக்கித் தொழிற்சாலைகள் பி.சி.பி. என்னும் நச்சுக் குழம்பைக் கலந்துகொண்டிருந்தன. தயாரிப்பு 1979-ல் தடைசெய்யப்பட்டும் சேற்றில் படிந்தது போகவில்லை. அது அங்கே வந்து மேயும் மீன்களின் கொழுப்பில் தங்கும் பொருள். ஆகையால் தோல், வயிற்றுக் கொழுப்பு, கருந்தசை ஆகியவற்றை நீக்கினால் கணிசமாகக் குறையும். பாதரசம் அப்படியில்லை. அது சதையின் புரதத்தோடேயே ஒட்டிக்கொள்வதால் எந்தக் கத்திக்கும் அகப்படாது. வயது ஏற ஏற, தின்ற மீன்களிலிருந்து சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் புளூஃபிஷின் சராசரிப் பாதரசம் பத்து லட்சத்தில் 0.368 பங்கு. டப்பாவில் அடைத்த சாதாரண டூனாவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு, கிங் மாக்கெரலில் உள்ளதில் பாதி. வஞ்சிரத்துக்கு நெருங்கிய உறவான அந்தக் கிங் மாக்கெரலை இங்குள்ள நம்மவர்கள் வஞ்சிரம் என்றே நம்பி விலைகொடுத்து வாங்குகிறார்கள். புளூஃபிஷைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் அவர்கள்தான்.

எனவே தின்னலாமா என்ற கேள்விக்கு என் பதில் அங்குலத்தில் இருக்கிறது. நியூ ஜெர்சியின் அறிவுரை 24 அங்குலத்தை எல்லையாக வைத்து, அதற்கு மேற்பட்டதைக் கருவுற்ற பெண்களும் சிறுவர்களும் உண்ணவே வேண்டாம் என்கிறது. நான் 20 அங்குலத்துக்கு மேல் எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. பெரியது சுவையிலும் மட்டம், நச்சிலும் மிகுதி, முட்டையும் அதிகம் இடும். மூன்றும் ஒரே திசையில் கைகாட்டும்போது தயங்க என்ன இருக்கிறது? ஆனால் வரம்பு மட்டும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இங்கே ஒரு சாண் ஸ்னாப்பரும் ஒன்று, ஒரு கை நீளப் பெருமீனும் ஒன்று. துருக்கியர் இதே மீனை வளர்ச்சிக்கு ஏற்பச் சினெகோப், சாரிகனாட், லுஃபர், கோஃபனா என்று தனித்தனிப் பெயரிட்டு அழைக்கிறார்கள். துருக்கியின் பாஸ்போரஸ் நீரிணையில் லுஃபர் அருமைப் பொருள், வேண்டாதவரின் பைச் சரக்கில்லை. குஞ்சுகளை அள்ளித் தின்றால் லுஃபர் எங்கிருந்து வரும் என்று உணவு ஆர்வலர்கள் கிளம்பிப் பேசியதில், 2011-ல் குறைந்தபட்ச நீளம் 14 சென்டிமீட்டரிலிருந்து 20-க்கு உயர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதற்கு ஷாட் என்று பெயர். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தம் முடிந்தபின் டர்பன் வளைகுடாவின் சாலிஸ்பரி தீவில் மீன்பிடிக் குடியிருப்பு அமைத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களின் புளிக்குழம்புச் சட்டிக்கு ஷாட் தலைமுறைகளாக வருகிறது. அங்கே ஆளுக்கு நான்கு, 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, அக்டோபரும் நவம்பரும் தொடவே கூடாது. அம்மா பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் கண்டுபிடித்ததாக நினைத்த குழம்பை அவர்கள் நூறாண்டாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆள் ஏற்றும் படகுக்காரர்களின் குறையையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாள் கட்டணத்தை எடுத்து வைக்கும் குடும்பம் ஐந்து மீன் என்று கேட்டதும் தயங்கியது. விலையில்லாத மீனாயினும் பை நிறைய வேண்டும் என்பதுதான் அந்த வணிகத்தின் அடிப்படை. இதில் அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பை நிறைந்ததை வைத்து நாள் நன்றாக அமைந்தது என்று அளக்கும் பழக்கத்தைக் காப்பாற்றுவதற்காக வரம்பை உயர்த்தச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஸ்னாப்பரையும் பெருமீனையும் வரம்பு ஒன்றாகவே எண்ணுகிறது என்ற குறையோ முற்றிலும் நியாயமானது.

2022-ல் ஏழாண்டு மீட்புத் திட்டம் தொடங்கியது. மொத்த ஒதுக்கீட்டில் பொழுதுபோக்குப் பங்கு நூற்றுக்கு 83-லிருந்து 86 ஆயிற்று, வணிகப் படகுகளுக்கு 17-லிருந்து 14. அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் கையிருப்பு வற்றிய நிலையைத் தாண்டி வெளியே வந்திருந்தது, ஆனால் அப்போது இலக்கைத் தொட்டிருக்கவில்லை. நாங்கள் வரம்பு போட்டதால் என்றார்கள் ஒரு சாரார், வரவேண்டிய நேரத்தில் வந்தது என்றார்கள் மற்றவர்கள்.

அந்த 2023 ஆகஸ்டின் கடைசி வாரம், ஒன்பது வயது மகளோடு ராரிடன் வளைகுடாவில் ஒரு படகுத்துறைக்குப் போனேன். மிதவை, சின்னக் கொக்கி, வெள்ளிக் கோடுபோட்ட குட்டி மீன் இரை. இருபது நிமிடத்தில் மூன்று ஸ்னாப்பர், ஒவ்வொன்றும் என் கைக்கு ஒரு சாண். ஒவ்வொன்றின் தொண்டையையும் நான் கீறும்போது அவள் திரும்பிக்கொண்டாள், பெட்டிக்குள் இறக்கியதும் எட்டிப் பார்த்தாள். எனக்கும் ஒரு மூன்று உண்டு என்று சொன்னேன். நான் போடுவதற்குள் நீரோட்டம் திரும்பி, மிதவை அசையாமல் நின்றுவிட்டது.

வீட்டில் அவற்றை முழுசாக, தலையோடு, பக்கவாட்டில் மூன்று கீறல் போட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, இரும்புத் தோசைக்கல்லில் பொரித்தேன். ஒரே கல்லில் மூன்றும் அடங்கின. அவள் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். மனைவிக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று மிஞ்சியது. முதுகுப் பக்கத்தை அவளுக்குத் தள்ளிவிட்டு வயிற்றுப் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். நாக்கின் ஓரத்தில் மிளகுச் சுருக்கு தெரிகிறதா என்று முதல் வாயில் பார்த்தேன். இல்லை.